ஏரியைச் சுற்றி மூன்று சுற்று

இனி ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் எனக்கே எனக்கு! இப்படி ஒரு வீர முடிவு எடுத்தேன். எடுத்தது நான், எடுத்துக் கொடுத்தது டாக்டர்.

நான் தையற்காரன். பதினாலு வருஷமாக மெஷினுக்கு முன்னால் குனிந்தே கிடக்கிறேன். "முதுகு வளையுது, ரத்த அழுத்தம் நிமிருது. வாரத்துல ஒரு நாளாவது மரமும் தண்ணியும் இருக்கிற இடமாப் பார்த்து ரெண்டு மணி நேரம் நடங்க. உடம்பும் தெளியும், மனசும் தெளியும்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் நான் அதற்கு லைனிங் வைத்துத் தைத்துவிட்டேன்.

"தனியா நடக்கணுமாம்" என்றேன் மனைவியிடம்.

"பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்களேன். அவளும் ஏரியைப் பார்த்த மாதிரி இருக்கும்."

"ஐயையோ! குழந்தை பக்கத்துல இருந்தா அழுத்தம் ஏறிடுமாம்."

"அப்படியா! அப்ப வாரம் முழுக்க அவளை வச்சிருக்கிற எனக்கு?"

"உனக்கென்ன, நீ நல்லாத்தான் இருக்கே."

அவள் சிரித்தாள். மூன்று வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே அளவெடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் அவளே போய்ப் புது ஷூ வாங்கி வந்தாள். நீல நிறம், வெள்ளை நாடா.

"போட்டுப் பாருங்க. பத்தலைன்னா மாத்திக்கலாம்."

"எனக்கேவா அளவு சொல்றே? தெருவுக்கு அந்தப் பக்கம் போறவன் இடுப்பை இங்கிருந்தே சொல்லுவேன். இது கச்சிதம்!"

"போட்டுப் பார்க்காமலேயா?"

"கண்ணால பார்த்தாலே போதும்."

"சரி, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

ஞாயிறு வந்தது. காலில் செருப்பு, பைக்குள் ஷூ. ஸ்கூட்டரில் தூசி படும், அங்கே போய் மாட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

ஏரிக்கரையில் ஒரு பெரிய மரம். அடியில் சிமென்ட் பெஞ்சு. மேலே இலை, எதிரே தண்ணீர், கன்னத்தில் காற்று. டாக்டர் கேட்ட எல்லாமே இருந்தது. நடை ஒன்றுதான் குறைந்தது. பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தேன். நான் விட்ட குறட்டையில் கரையோரக் கொக்குகள் நாலு எழுந்து தள்ளிப்போய் நடந்தன. யாராவது நடந்தால் சரி.

எழுந்ததும் வேலை தொடங்கியது. ஏரித் தண்ணீரை முதுகிலும் அக்குளிலும் தெளித்தேன். வியர்வை தயார். ஷூவைக் கையில் பிடித்து அடிப்பக்கத்தை ஈர மண்ணில் நன்றாகத் தேய்த்தேன். நாடாவைக்கூட அவிழ்க்கவில்லை. இதற்கெல்லாம் மூளை வேண்டும்!

"எத்தனை சுத்து?" என்றாள் வாசலிலேயே.

"மூணு."

"அம்மாடி! அவ்வளவு பெரிய ஏரியையா? ஷூ கடிக்கலையே?"

"பூ மாதிரி இருக்கு. போட்ட மாதிரியே தெரியல."

பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நாலு ஞாயிறு இப்படியே ஓடியது. ஓடியது ஞாயிறுதான். ஐந்தாவது ஞாயிறு நான் பையை எடுக்கும்போது அவள் குறுக்கே வந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு இங்கேயே மாட்டிட்டுக் கிளம்புங்க. அப்பா ஷூ போட்டு நடக்கிறதைப் பாப்பா பார்க்கணுமாம்."

நாற்காலியில் உட்கார்ந்து கம்பீரமாகக் காலை நுழைத்தேன். பாதி போனது. அழுத்தினேன். விரல்கள் உள்ளே மடங்கின, குதிகால் வெளியே நின்றது.

"கால் வீங்கியிருக்கு" என்றேன். "நடந்து நடந்து..."

"எங்க, அந்தக் கால்?"

"அதுவும்தான்."

"ரெண்டும் ஒரே அளவுக்கா வீங்கும்?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்! சின்னதைக் கட்டிக் கொடுத்துட்டான்!"

"அவரை ஏன் சொல்றீங்க? நான் கேட்டதைத்தான் கொடுத்தாரு."

"இது என் அளவே இல்லையே!"

"ஆமா. என் அளவு."

ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவன், வீட்டுக்காரி பாதத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

"முதல் நாளே மாட்டியிருந்தீங்கன்னா, தப்பா வாங்கிட்டேன்னு சொல்லி நானே மாத்திட்டு வந்திருப்பேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டாவது வாரம், மூணாவது வாரம்னு பொறுத்துப் பார்த்தேன். நீங்க நாலு வாரமா இதைப் போட்டு ஏரியைச் சுத்திட்டு வர்றீங்க!"

என் காலிலிருந்து ஷூவைக் கழற்றினாள். தன் காலில் மாட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் இறங்கியது. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஏரிக்கு. ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பாப்பா?"

"உங்களோடதான் இருப்பா. நேத்து டாக்டருக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். குழந்தையோட ஓடியாடி விளையாடுறதும் நடையிலதான் சேருமாம். அழுத்தம் நல்லா இறங்குமாம்."

கதவு சாத்திக்கொண்டது. பாப்பா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அப்பா, குதிரை!"

அவள் அம்மா ஏரியை மூன்று சுற்று முடித்து வருவதற்குள், நான் முட்டிபோட்டபடி தையல் மெஷினைப் பதினேழு சுற்று முடித்திருந்தேன்.