இந்தியப் பெருங்கடலைத் தூர் வாரியவள்

எந்தக் கூட்டத்திலும் பேச்சாளரைவிட அதிகம் பயப்படுகிறவர் செயலாளர்தான். பேச்சு முடிந்து, யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று தலைவர் சொன்னதும் ஒரு மௌனம் விழும். அதை நிரப்புவது செயலாளர் பாடு. அப்படி ஒருவருக்குத்தான் பாளையங்கோட்டைக்காரியான நான் வாக்கப்பட்டு, எழுபதுகளின் கடைசியில் டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே தமிழர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் கூடுவார்கள். அரசியல் தெரிந்த யாராவது வந்து பேசுவார். நாற்காலி போடுவதிலிருந்து நன்றியுரை வரை என் கணவர் சாமுவேல்தான். வெளியே அத்தனை பேச்சு, வீட்டில் பேச்சே கிடையாது. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் நடந்த உரையாடல்களை ஒரு தபால் அட்டையில் எழுதி, மீதி இடத்தில் ஊரில் எல்லாரையும் நலம் விசாரித்திருக்கலாம்.

அந்த மாதம் ஒரு எம்.பி. ஊராட்சிகளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கேள்வி கேட்கும் நண்பர் ஊருக்குப் போய்விட்டார். "நீ ஒரு கேள்வி கேக்கியா, கிரேஸ்?" என்றார் இவர். ஏரி குளங்களைத் தூர் வாரும் பொறுப்பு ஊராட்சிக்கா, பொதுப்பணித் துறைக்கா என்பதுதான் கேள்வி. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒப்பிக்கச் சொல்வார். எனக்கு மறுநாளே மனப்பாடம். ஆனாலும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். (திருத்துவதற்காகவாவது நாலு வார்த்தை பேசுவாரே.)

கூட்டத்தன்று எம்.பி. வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு பேராசிரியரைப் பிடித்து வந்தார்கள். அவர் பேசியது இந்தியப் பெருங்கடலில் நிற்கும் வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் பற்றி. மேடையில் அதை அறிவித்தபோது நான் ஹாலுக்குப் பின்னால் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்த பிறகும் பேச்சு காதில் ஏறவில்லை. உதட்டுக்குள் என் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே நீர், கரை, ஆழம் என்று மட்டும் விழுந்தது. சரிதான், குளத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மௌனம் விழுந்தது. எழுந்தேன். புடவைத் தலைப்பு நாற்காலி ஆணியில் மாட்டி இழுத்ததில் கேள்வியின் முன்பாதி எங்கோ போய்விட்டது. பின்பாதிதான் வாயில் வந்தது.

"ஐயா, தூர் வார்ற பொறுப்பு ஊராட்சிக்கா, பொதுப்பணித் துறைக்கா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "எதைம்மா தூர் வாரணும்?"

"இந்தியப் பெருங்கடலை," என்றார் முன்வரிசையில் ஒருவர், மிக மெதுவாக.

ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. உட்காரலாம் என்றால், கால்கள் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமானவைபோல் அசைய மறுத்தன.

இவர் போய் மைக்கை வாங்கினார். கேள்வி தான் எழுதிக் கொடுத்தது, தலைப்பு மாறியதை என்னிடம் சொல்ல மறந்தது தன் தப்பு என்றார். மாதாமாதம் கேள்விகள் தானாக முளைப்பதாக நம்பியிருந்த சபை இன்னும் பலமாகச் சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, தன் ஊர்க் கண்மாய் மண் மேவிக் கிடப்பதைச் சொன்னார். உடனே பின்வரிசையில் ஒருவர் எழுந்து தன் ஊர்க் குளத்துக்காகச் சண்டைக்கு வந்தார். அதுபோல் ஒரு விவாதம் அந்த ஹாலில் நடந்ததே இல்லை என்பார்கள். நான் அழுதுகொண்டிருந்ததால் எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது இவர் வாயே திறக்கவில்லை. போச்சு, இருந்த தபால் அட்டையும் போச்சு என்று நினைத்தேன். மந்திர் மார்க் திருப்பத்தில் சட்டென்று நின்றார்.

"ஏட்டி, ஒரு சந்தேகம். அம்புட்டு மண்ணையும் எங்கன கொண்டு கொட்ட?"

(அதுவரை பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல் 'கிரேஸ்' என்றுதான் கூப்பிடுவார்.)

"டெல்லியிலதான். இங்கதான் எடம் கெடக்கே," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சுவரில் சாய்ந்து சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடு வந்த பிறகும் பேச்சு முடியாததால், கோல் மார்க்கெட்டை இன்னொரு சுற்று சுற்றினோம்.

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு நான் ஒட்டடை அடிக்க ஆரம்பித்தால், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, சமுந்தர் சாஃப் ஆயிடுச்சா?" என்பாள். (கடல் சுத்தமாகிவிட்டதா என்று கேட்கிறாளாம்.)

"பொதுப்பணித் துறையில ஆள் பத்தலையாம்," என்று சொல்லிக்கொண்டே இவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவார்.