பொத்தான் பெட்டியில் பூத்த வெள்ளி

"தேய்க்கிறவன் கையில் பளபளப்பு, விட்டுவைக்கிறவன் கையில்..." என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் பெரியப்பா அடிக்கடி ஆரம்பிப்பார். விட்டுவைக்கிறவன் கையில் என்ன மிஞ்சும் என்று சொல்வதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். மீதிப் பாதியைக் கடைக்காரர் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்: நிறம்.

பழைய வெள்ளி நாணயத்தைத் தேய்க்காமல், கழுவாமல் விட்டுவைத்தால் காற்றே அதன்மேல் வண்ணம் தீட்டும். முதலில் இளமஞ்சள், அப்புறம் செம்பொன், ஊதா, கடைசியாக விளிம்பில் நீலம். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பும் மனிதர், வீடு திரும்பியதும் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொள்வார். நாணயத்தை ஓரத்தில் மட்டும் பிடிப்பார். மூச்சுக்கூடப் படக்கூடாது. நிறம் கனிந்ததும் காற்றுப் புகாத டப்பியில் அடைத்துவிடுவார். அதற்கு மேல் விட்டால் கரிதான்.

ஒரே ஒரு குறை. நாணயச் சங்கத்தின் கண்காட்சியில் அவரும் ஒரு மேஜையில் தம் நாணயங்களை வைப்பார்; ஆனால் வருஷா வருஷம் எதிர்க்கடைக் கடிகாரக்காரரே முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். இந்த வருஷக் கண்காட்சி வரும் ஞாயிற்றுக்கிழமை.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பொத்தான் அறுந்தது. தையல் வேலை செய்யும் மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவளுடைய பழைய அட்டைப் பெட்டியைத் திறந்து துழாவினார். பொத்தான்களுக்கு அடியில், கம்பளித் துண்டில் சுற்றி, ஒரு வெள்ளி நாணயம். பிரித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாணயத்தின் நடுவில் இளமஞ்சளாகப் பொழுது விடிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ரோஜா. விளிம்பில் மயில்கழுத்து நீலம்.

அட்டையும் கம்பளியும் வெள்ளிக்கு ஆகாது, கறுக்கடித்துவிடும் என்று சங்கத்தில் பிரசங்கம் செய்தவரே அவர்தான். ஆகாத இரண்டும் சேர்ந்து இங்கே அற்புதம் பண்ணியிருந்தன.

நேராகக் கேட்டால் கிடைக்காது. மனைவி வந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இந்தக் காசைப் பாரு. எப்படிக் கறை பிடிச்சு வீணாப் போச்சு!"

"அட, இதுவா? கல்யாண நாளைக்கு நீங்க குடுத்ததாச்சே."

"நானா?"

"'வெறும் வெள்ளை, உயிரே இல்லை, நீ வெச்சுக்கோ'ன்னு குடுத்தீங்க. அந்த மாதிரி அன்பை மறக்க முடியுமா?"

கடைக்காரர் பேச்சை மாற்றினார். "சரி, போகட்டும். இதை என்கிட்ட தள்ளிவிடு. புதுசா, பளபளன்னு ஒண்ணு வாங்கித் தரேன்."

"எதுக்குங்க வீண் செலவு? கறைதானே? இருங்க."

உள்ளே போனவள் பல்பொடி டப்பாவும் ஈரத்துணியுமாகத் திரும்பினாள்.

"என்ன பண்ணப் போறே?"

"ரெண்டு தேய் தேய்ச்சா உங்க பல்லு மாதிரி ஆயிடும்."

"என் பல்லே மஞ்சளாத்தானே இருக்கு! வேண்டாம்!"

"கறைன்னீங்களே?"

"கறை இல்லை!"

"பின்னே என்ன?"

ஒரு சிட்டிகைப் பல்பொடி, நாணயத்துக்கு நேர் மேலே, அந்தரத்தில் நின்றது. கடைக்காரரின் உயிரும் அங்கேதான் நின்றது.

"அழகு! போதுமா? நான் சேர்த்து வெச்சிருக்கிறதெல்லாம் இதுக்குக் கால்தூசி பெறாது. இதைக் கொண்டுபோய் வெச்சா கடிகாரக்காரன் கடையைக் கட்டிட வேண்டியதுதான். உனக்குப் புண்ணியமாப் போகும், தேய்க்காதே!"

பல்பொடி டப்பாவுக்குத் திரும்பியது. அவள் விரலைத் துடைத்துவிட்டு நாணயத்தை எடுத்தாள். ஓரத்தில் மட்டும் பிடித்து, மூச்சை அடக்கி.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? இத்தனை வருஷமா எழுந்தா இந்தப் பேச்சு, படுத்தா இந்தப் பேச்சு. மஞ்சள் தட்டினப்பவே பாத்துட்டேன். ஊதா வரட்டும்னு விட்டேன். நீலமும் வந்தாச்சு. இனிமே ஒரு நாள் விட்டாலும் கறுத்துடும். உங்க காத்துப் புகாத டப்பியில நல்லதா ஒண்ணு எடுங்க, இதை அடைச்சு வைக்கலாம்."

"எடுக்கிறேன், எடுக்கிறேன். ஞாயித்துக்கிழமை என் மேஜையில நடுநாயகமா..."

"உங்க மேஜை எதுக்கு? போன வாரமே என் பேரைக் குடுத்து, பக்கத்து மேஜையைச் சொல்லிவெச்சாச்சு. கடிகாரக்காரர் சம்சாரம்தான் பதிஞ்சு குடுத்தாங்க."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். நாணயத்தைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். எதில் நிறம் அதிகம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம் மேஜையைக் காலி செய்துவிட்டு, மனைவியின் மேஜைக்குப் பின்னால் நின்று, பார்க்க வருகிறவர்களுக்குப் பூதக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார்.