குளிர்ந்த இடத்தில் படியும் என்று நான் சொன்னது

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். சில வார வேலைக்காகப் போயிருக்கும் வெளியூர் ஆய்வுக்கூடத்தில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த பத்தி வரையாவது அப்படியே இருங்கள்.

வீட்டுக்காரம்மா உங்கள் மாடி அறையைக் காலி செய்யச் சொல்கிறார். காரணம் நான்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த என்னை மாடிப்படியில் நிறுத்தி, "உங்க சித்தி அங்க என்னதாம்மா வேலை பாக்குறா?" என்று கேட்டார். யார் கேட்டாலும் உலோக ஆராய்ச்சி என்று சொன்னால் போதும் என்று நீங்கள் சொல்லியிருந்தது நினைவிருந்தது. அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அவர் "அப்படின்னா?" என்றார். சித்தி, என்னிடம் யாரும் "அப்படின்னா?" என்று கேட்பதே இல்லை. உங்கள் அலமாரியில் இருந்த தடித்த புத்தகத்தை வேறு அப்போதுதான் முடித்திருந்தேன். ஈயமும் பிஸ்மத்தும் கலந்து உருகிய உலோகத்தில் துகள்களைப் பாய்ச்சினால் பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டாகும், அது பெரும்பாலும் உலோகத்துக்குள்ளேயே கிடக்கும், சூடு ஏற ஏற மிகக் கொஞ்சம் ஆவியாகி எழும், எழுந்தது குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும், எவ்வளவு எழுகிறது, எங்கே படிகிறது என்று அளப்பதுதான் சித்தியின் வேலை என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை எழுதவே இப்போது கூசுகிறது.

மறுநாள் போனபோது கீழே அவர் வீட்டு ஃபிரிட்ஜ் வாசலில், கதவு திறந்தபடி, வெயிலில் நின்றது. நீங்கள் பால் பாக்கெட் வைப்பீர்களே, அதே ஃபிரிட்ஜ். "இந்த வீட்டுலயே குளுந்த இடம் இதுதானே?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. பதறிப்போய், பொலோனியத்தின் கதிரை ஒரு காகிதத் தாளே தடுத்துவிடும், உடம்புக்குள் போனால்தான் ஆபத்து என்று ஆறுதல் சொன்னேன். சாயங்காலத்துக்குள் உங்கள் கதவு முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியாகிவிட்டது. சாவித் துவாரத்தில்கூடச் சுருட்டிச் செருகியிருந்தார். பிறகு, இது எப்போதுதான் போகும் என்று கேட்டார். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். நூற்று முப்பத்தெட்டு நாளில் பாதியாகிவிடும் என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவரை ஏமாற்றக் கூடாதே என்று, அடுத்த நூற்று முப்பத்தெட்டு நாளில் மீதி முழுவதும் போகாது, மீதியில் பாதிதான் போகும், கணக்குப்படி முழுதாகத் தீர்வது என்று ஒன்று கிடையாது என்பதையும் விளக்கிவிட்டேன்.

"நீ நல்ல பொண்ணுதான். ஆனா உங்க சித்தி வந்ததும் வேற இடம் பாத்துக்கச் சொல்லிடும்மா" என்றார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "தனியா இருக்குற பொண்ணுன்னு யாரும் வீடு குடுக்காம, அந்த ரூமுக்கு அவ எத்தனை தெரு அலைஞ்சா தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. இங்கே இருக்கும்போது நீங்கள் தினமும் ஆய்வுக்கூட வாசலில் கை, கால், செருப்பு எல்லாவற்றையும் கருவியில் காட்டிச் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வருகிறீர்கள். முதலில் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான். அதை மட்டும் நான் சொல்லவே இல்லை, சித்தி. அது அந்தப் புத்தகத்தில் இல்லை.

இனி உங்கள் வேலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். உங்கள் ஆராய்ச்சி சிறக்கவும், என் மேல் உள்ள கோபம் சீக்கிரம் ஆறவும் வேண்டிக்கொண்டு, தலை நிமிர முடியாமல் முடிக்கிறேன்.

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது வீட்டுக்காரம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்குள்ள உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டாராம். பாதுகாப்பு அதிகாரி, "அதெல்லாம் மூடின கலத்த விட்டு வெளிய வராதும்மா, நிம்மதியா தூங்குங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாராம். நீங்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தாராளமாக இருக்கலாமாம். செடிகளுக்கு அவரே தண்ணீர் ஊற்றிக்கொள்வாராம். நான்தான் இனி அந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாமாம்.