நிரந்தர நியமனம் பெற்ற ஆறு காகங்கள்

ஒரு கோட்டைக்குத் தேவையானவை நான்கு: மதில், அகழி, வாசல், அலுவலகம். எங்கள் கடலோரக் கோட்டையில் முதல் மூன்றும் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இருக்கின்றன. நான்காவது வந்த பிறகுதான் ஐந்தாவதாக ஒன்று குறைகிறது என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஐதீகம்.

கண்டுபிடித்தவர் கோட்டை மரபுப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் திரு. பொன்னம்பலம். ஒன்பது நாள் கல்விச் சுற்றுலாவில் லண்டன் போய் வந்தவர். அங்கே ஒரு கோட்டையில் அண்டங்காகம் வளர்க்கிறார்கள். அவை போய்விட்டால் இராச்சியமே விழுந்துவிடுமாம். சனம் வரிசையில் நின்று பார்க்கிறதாம்.

"எங்களிட்டை இல்லாத காகமே?" என்று கேட்டார். கேட்டது என்னிடம். நான் வரலாற்றுத் துறை, இறுதி வருடம். அந்த அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சி. அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை.

"வியாழக்கிழமைக்குள்ளை ஒரு பக்கத்திலை ஐதீகம் ஒண்டு எழுதித் தாரும்."

"சேர், ஐதீகம் எழுதுறேல்லை. அது சனத்திட்டை இருக்கிறது."

"எழுதித் தொங்கவிட்டால் சனத்திட்டைப் போய்ச் சேரும்."

இதற்கு எதிராக என்னிடம் ஏழு வாதங்கள் இருந்தன. ஏழையும் சொன்னேன். புதன்கிழமை பின்னேரம் எழுதியும் கொடுத்தேன்: 'ஆறு காகங்கள் இக்கோட்டையை விட்டு நீங்கும் நாளில் மதில் இடியும், ஊருக்குக் கேடு சூழும்.' சேர் வாசித்துவிட்டு, மேலே தன் கைப்பட 'கி.பி. 1680 அளவில்' என்று சேர்த்தார். வாசலில் கருங்கல் பலகை எழுந்தது.

மதிலில் ஏற்கெனவே இருநூறு காகங்கள் குந்தியிருந்தன. ஆனால் அவை நியமனக் கடிதம் இல்லாதவை. ஆகவே வலை போட்டு ஆறைப் பிடித்து, காலில் இலக்கத் தகடு மாட்டி, பறந்து போய்க் கடமை தவறாதபடி சிறகு நுனியைக் கத்தரித்து, நிரந்தர ஆளணியில் சேர்த்தார்கள். மற்றவை வழமைபோல, நாட்கூலி ஆட்களைப் போல, அமைய அடிப்படையில் கரைந்துகொண்டிருந்தன.

எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும், சாப்பாட்டில் பிழை வராதிருந்தால். சேர் செவ்வாய், வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். தன்னுடைய ஆளணி மட்டும் தொடலாமா? சுற்றறிக்கை வந்தது: செவ்வாய், வெள்ளி, புரட்டாதிச் சனி, கந்தசட்டி ஆறு நாள் ஆகிய தினங்களில் அரச காகங்கள் மரக்கறி மாத்திரமே உண்ணும்.

"சேர், காகம் விரதம் பிடிக்குமோ?"

"அரச பதவியெண்டால் ஒரு ஒழுக்கம் வேணும், பிள்ளை."

முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஆறு காகங்களும் பருப்பும் பூசணிக்காயும் வைத்த தட்டை ஒருமுறை சுற்றி வந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, பறக்க முடியாததால் நடந்தே, வாசலைத் தாண்டி, அகழிப் பாலத்தைக் கடந்து, மினிபஸ் ஒன்றைப் பிரேக் போடவைத்து, தெருவின் மறுகரைக்குப் போயின.

அங்கே குருநகர் செபஸ்தியம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதே பூவரசடி, அதே கட்டை, அதே கத்தி. சந்தையில் மீன் வாங்கி வருபவர்களுக்குச் செதிள் சுரண்டித் துண்டு போட்டுக் கொடுத்தே இரண்டு பெட்டையளைப் படிப்பித்தவர். அவர் ஒரு பாரை மீனின் குடலை எடுத்து எறிந்தார். நிரந்தர ஆளணி அதைத் தின்றது.

திங்கட்கிழமை அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'அரச சேவையிலுள்ள பறவைகளைக் கடமை நேரத்தில் மச்சத்தால் கவர்ந்திழுத்து, கோட்டையின் வீழ்ச்சிக்கு ஏதுவாக நடந்துகொண்டமை. மேற்படி இடத்தைப் பதினான்கு நாட்களுக்குள் காலிசெய்க.'

"என்ன பிள்ளை இது?" செபஸ்தியம்மா கடிதத்தை என்னிடம் நீட்டினார். "காகத்துக்கு நான் சொல்லியனுப்பினனானோ? கோட்டை விழுந்தால் முதல் என்ரை தலையிலைதானே விழும்? நானெல்லோ கிட்ட இருக்கிறன்."

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. நேரே சேரின் அறைக்குள் போனேன்.

"சேர், அந்த ஐதீகம் பொய். நான்தான் எழுதினனான்."

"ஆதாரம்?"

"நானே ஆதாரம்!"

"பலகையிலை 1680 எண்டு கிடக்கு. நீர் எப்ப பிறந்தனீர்?"

"அந்த வருஷத்தை நீங்கள்தானே போட்டனீங்கள்!"

"அப்ப, நான் வருஷம் போட முந்தியே ஐதீகம் இருந்ததெண்டு ஒத்துக்கொள்ளுறீர்."

பல்கலைக்கழக விவாத அணியிலிருந்த நான் ஒரு வாதத்தில் தோற்றது அதுவே முதல் தடவை.

அதற்குள் புரட்டாதிச் சனி வந்துவிட்டது. சனீஸ்வரனுக்கு விரதமிருக்கிறவர்கள் காகத்துக்குச் சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் தாங்கள் சாப்பிடுவார்கள். போன வருடம் வரைக்கும் எந்தக் காகமென்றாலும் போதும். இந்த வருடம் யாரோ முகநூலில் எழுதிவிட்டார்கள்: 'பாரம்பரியக் காகம் கோட்டையில் மட்டுமே.' மானிப்பாயிலிருந்தும் மருதனார்மடத்திலிருந்தும் சனம் வான் பிடித்து வந்தது. வாழையிலையில் எள்ளுச்சோறு, கையில் போன். மதிலிலிருந்து ஆசையோடு இறங்கி வந்த காகங்களை, "சூ! உது சும்மா காகம்!" என்று கலைத்தார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் அந்த ஐதீகத்தைத் தன் பாட்டனார் சொல்லக் கேட்டதாக எனக்கே விளங்கப்படுத்தினார். நான் எழுதியதில் ஒரு பிழையும் பிடித்தார்: ஆதியில் காகங்கள் ஏழாம்.

நிரந்தரக் காகங்கள் நூறு இலைச் சோற்றையும் பார்த்தன. பிறகு செபஸ்தியம்மாவிடம் நடந்தன. இலைகளை ஏந்தியபடி விரதகாரர் பின்னால் நடந்தார்கள்.

"எணை அம்மா, அந்தக் குடலை ஒருக்கா மறைச்சு வையணை! பசி தாங்கேலாமல் கிடக்கு!" என்று ஒரு பெண் கெஞ்சினாள்.

செபஸ்தியம்மா சட்டியை மூடி, அதன் மேலேயே குந்திக்கொண்டார். "சோத்தைத் தின்னுங்கோ ராசா, பிறகு தாறன்" என்று காகங்களிடம் சொன்னார். காகங்கள் கொஞ்சநேரம் யோசித்தன. வேறு வழியில்லாமல் ஒவ்வோர் இலையிலும் ஒரு கொத்துக் கொத்தின. நூறு குடும்பம் அன்றைக்குச் சாப்பிட்டது.

எனக்கு அந்த இடத்திலேயே வாதம் பிறந்தது. காகங்கள் கோட்டையை விட்டு நீங்கக்கூடாது. காகங்கள் செபஸ்தியம்மாவிடம்தான் நிற்கும். ஆகவே செபஸ்தியம்மா இருக்கும் இடமே கோட்டை. கோட்டை எல்லையைத் தெருவுக்கு அப்பால் நாற்பது மீற்றர் தள்ளிப் போடுமாறு மனு எழுதினேன். நானூற்றுப் பதினேழு பேர் கையெழுத்து வைத்தார்கள். முதற் கையெழுத்து செபஸ்தியம்மாவுடையது.

சேர் மனுவை வாசித்துவிட்டு எழுந்து நின்றார். "இது வாதம்!" என்றார்.

ஏழு வருடம் எடுக்கிற வேலை ஏழு நாளில் முடிந்தது. பூவரசுக்கு அப்பால் எல்லைக்கல் நட்டார்கள். காகங்கள் ஒருபோதும் கோட்டையை விட்டு நீங்கியதில்லை என்று அறிக்கை வந்தது. எனக்குச் சான்றிதழும் கிடைத்தது, 'மிகச் சிறப்பு' என்ற குறிப்போடு.

அடுத்த நாள் செபஸ்தியம்மாவுக்கு இரண்டாவது கடிதம். 'முதற் கடிதம் இத்தால் மீளப்பெறப்படுகிறது. தாங்கள் தற்போது பாதுகாக்கப்பட்ட கோட்டை எல்லைக்குள் இருப்பதால், அவ்வெல்லைக்குள் மீன் வெட்டுதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. பதினான்கு நாள் அவகாசம் வெளியாருக்கு மாத்திரமே என்பதால், இன்றே நிறுத்துக. கட்டையும் கத்தியும் மரபுச் சின்னங்கள், அகற்றலாகாது.'

நான் ஓடிப்போனபோது கட்டையையும் கத்தியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டிருந்தார்கள். செபஸ்தியம்மா வெறும் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குருநகர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆறு காகங்களும் வரிசையாக நடந்தன. காகங்களுக்குப் பின்னால், நில அளவை நாடாவோடு பொன்னம்பலம் சேரின் ஆட்கள் இரண்டு பேர்.

"அக்கா!" என்று கத்தினேன். "நான் விடமாட்டன். இண்டைக்கே இன்னொரு மனு எழுதுறன்!"

செபஸ்தியம்மா நின்று திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட இல்லை.

"எழுது பிள்ளை, நீ நல்லாத்தான் எழுதுறாய்" என்றார். "என்ரை வீடு எங்கையிருக்கெண்டு மட்டும் அதிலை எழுதிப்போடாதை."