இரண்டாம் பெட்டியை அகற்றக் கோரி மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜாபெஸ் அவர்களுக்கு,

தலைச்சோலையிலிருந்து மாமனார் சிங்கராயர் வணங்கி எழுதுவது. பெங்களூரில் தாங்களும் மகள் ரூபியும் நலமாக இருப்பீர்கள். இங்கு மழை நலம், காப்பி எனப்படும் குளம்பிச் செடிகள் நலம், தங்கள் அத்தையார் சாந்தாமேரி மிக நலம். என் நிலை ஒன்றே வேறு. அதைக் கூறவே இம்மடல்.

நம் தோட்டத்து விடுதிக்கு, நான் அருகலை என்றும் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மாதையன் வைஃபை என்றும் அழைக்கும் கம்பியில்லா இணையத்தைத் தாங்களே அமைத்துத் தந்தீர்கள். குடில்தோறும் கூரையில் ஒரு வெண்ணிறக் கருவி. அவை அனைத்தையும் அலுவலறையிலிருந்து ஆள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இதுவரை எனக்கு விளங்கிற்று. அதனருகே அதே போன்ற இன்னொரு பெட்டியை வைத்து, இரண்டிற்கும் இடையே ஒரு குறுங்கம்பியை மாட்டினீர்களே, அன்று தொடங்கியது என் குழப்பம். "முதல் பெட்டி விழுந்தா ரெண்டாவது உடனே எடுத்துக்கும் மாமா, தங்கியிருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றீர்கள். அதாவது முதற்பெட்டி உழைக்கும். இரண்டாம் பெட்டி அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கும். இத்தகையோரை என் மேடைகளின் பின்வரிசையில் நிறையக் கண்டிருக்கிறேன். ஆயினும் மாப்பிள்ளை சொல் என்பதால் வாய் திறவாதிருந்தேன்.

சென்ற வாரத்து இடியில் முதற்பெட்டி அணைந்தது. இரண்டாவது ஆட்சியில் அமர்ந்தது. குடில்களில் ஒருவரும் அறியவில்லை, அதையும் ஒப்புகிறேன். ஆனால் மறுநாள் மாதையன் மின்செருகியைத் திருத்தியதும் முதற்பெட்டி உயிர்த்தெழுந்ததே, எழுந்தவனுக்கு இருக்கையைத் திருப்பித் தர வேண்டாமா? தரவில்லை. மாதையன் தொலைபேசியில் கேட்டதற்குத் தாங்கள், "அது அப்படித்தாண்ணா. இனி ரெண்டாவது ஓட்டும், முதலாவது காத்திருக்கும். எதையும் தொடாதீங்க" என்றீர்களாம். மருத்துவமனையிலிருந்து தலைவன் திரும்பினால் துணைத்தலைவன் நாற்காலியை விட்டு எழவேண்டும் என்பதே முறை. அப்படி எழுந்தவர் எவரையும் நான் கண்டதில்லை என்பது வேறு செய்தி.

இந்நிலையில்தான் சனிக்கிழமை வந்தது. கடல்கடந்த தமிழ் மன்றத்தார் இணையவழிக் கூட்டத்தில் 'தமிழர் ஒற்றுமை' குறித்துப் பேச என்னை அழைத்திருந்தனர். நான்காண்டுகளாக எந்த மேடையும் என்னை அழைக்கவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வெளியே சொல்லாதிருந்தமைக்கு நன்றி. இவ்வுரை சிறந்தால் மாதந்தோறும் என்னையே பேச வைப்பதாக இருந்தது. தோளில் துண்டு அணிந்து, தொண்டைக்கு வெந்நீர் பருகி, கூட்டத்திற்குச் சற்று முன் அலுவலறையில் நுழைந்தால், மூத்த பெட்டி ஒடுங்கிக் கிடக்கிறது; இளைய பெட்டி கொலுவீற்றிருக்கிறது. என் குருதி கொதித்தது. குறுங்கம்பியில் கை வைத்தேன்.

"ஏனுங்க ஐயா, மாப்பிள்ளை தொடக் கூடாதுன்னாருங்களே" என்றான் மாதையன்.

"இக்கம்பி வழியாகத்தான் அது இதை அடக்கி வைத்திருக்கிறது" என்று கூறிப் பிடுங்கினேன். சற்று நேரத்தில், ஆளும் பெட்டியில் மட்டும் எரியும் பச்சை விளக்கு இரண்டிலும் எரிந்தது. "பார்த்தாயா, இப்போது இருவருமே ஆள்கிறார்கள்."

"நொம்ப நல்லதுங்க. ஆனா கடைசிக் குடிலு அம்மா வைஃபை வருது போகுதுன்னு வாசல்ல நிக்கறாங்க."

எனக்கு நேரமில்லை. மடிக்கணினி முன் அமர்ந்து, "நாம் ஒன்றுபட்டு" என்று தொடங்கி முழங்கிக்கொண்டே சென்றேன். தன் கைப்பேசியின் இணையத்தில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கள் அத்தையார் ஓடி வந்து, "ஏனுங்க, உங்க மூஞ்சி அப்படியே நிக்குது. வாயை மூடுங்க, பாக்க நல்லால்ல" என்றார்.

"மூடித்தான் இருக்கிறேன்."

"அங்க தொறந்திருக்குங்களே."

அந்தத் திறந்த வாயை நீக்கிவிட்டு, ஆயத்தமாக அமர்ந்திருந்த சந்திரசேகர் என்னும் சேலத்து இளம் பேச்சாளரை மன்றத்தார் பேச விட்டனர். என் தலைப்பு, என் நேரம், என் கைதட்டல். அவர் முடிக்கும் வரை எனக்கு இணைப்பு வரவேயில்லை. "பையன் நல்லாத்தானுங்க பேசறான்" என்றார் தங்கள் அத்தையார், என் பக்கத்திலேயே அமர்ந்து.

இப்போது என் ஐயத்திற்கு வருகிறேன். ஒரு பெட்டி ஆண்டபோது இணையம் இருந்தது. இரண்டும் ஆண்டால் இருமடங்காக அல்லவா இருக்க வேண்டும்? இருந்ததும் எங்கே போயிற்று? கூரைக் கருவிகள் யாருக்குப் பணிந்தன? தங்கள் அத்தையாரைக் கேட்டால், "நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா மாதையன் எங்க போவான்? டீக்கடைக்கு" என்கிறார். இது விளக்கமா, என்னைக் குத்தும் பேச்சா என்பதும் விளங்கவில்லை. ஆகவே இனி என்ன செய்வதென்று எண்ணி எண்ணி, இறுதியாக முடிவு செய்துவிட்டேன். அடுத்த முறை வரும்போது இரண்டாம் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். ஒருவனே ஆளட்டும், விழுந்தால் மானத்தோடு விழட்டும். பிறர் விழக் காத்திருந்து பிழைப்பவனுக்கு என் கூரையின் கீழ் இடமில்லை.

தங்கள் இல்லத்தில் மின்தடை நீங்கி, ஊதியம் ஓங்கி, மகளின் சினம் தணிந்திருக்க ஆண்டவர் அருள்க.

தங்கள் மாமனார்,
சிங்கராயர்

பின்குறிப்பு: இம்மடலை அனுப்பும் வேளையில் மன்றத்தாரின் செய்தி வந்தது. இனி மாதந்தோறும் சந்திரசேகரே பேசுவாராம். அவர் இணைப்பு அறுந்தால் உடனே தொடர்வதற்கு நான் ஆயத்தமாக அமர்ந்திருக்க இயலுமா என்று கேட்டுள்ளனர். ஒப்புதல் அனுப்பிவிட்டேன். இரண்டாம் பெட்டி இங்கேயே இருக்கட்டும். முதலாவது விழுந்ததை அது அவ்வளவு விரைவாக எப்படி அறிகிறது என்று மட்டும் விளக்கி எழுதுங்கள். இங்கே இடி அடிக்கடி வருகிறது. சேலத்தில் சந்திரசேகர் வீட்டுப் பக்கம் எப்படி என்று தெரியவில்லை.