ஹார்பர் இல்லாத விஞ்ச் டூட்டி

மச்சினன் இன்பமணியின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு, அதாவது வீடு குடிபுகும் ஜெபத்துக்கு, போவதே இல்லை என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். வெளியே எடுத்தால் ஜெயஷீலாவுக்குக் கேட்டுவிடும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, சாத்தான்குளத்தில் என்று அவள் சொல்லியிருந்தாள். அங்கே எந்த விசேஷம் என்றாலும் சாம்பார் வாளி என் கைக்குத்தான் வரும். அதே ஞாயிறு எங்கள் கிளைடர் போட்டி. எஞ்சின் இல்லாத குட்டி விமானம், ரிமோட்டில் ஓட்டுவது. ஆறு மாதம் உட்கார்ந்து செய்திருந்தேன்.

"ஏளா, ஞாயித்துக்கெழம எனக்கு விஞ்ச் டூட்டி."

"ஹார்பர்லயா?"

இருமினேன். அது ஆமாம் மாதிரி கேட்டிருந்தால் நான் பொறுப்பில்லை.

"சரி, போயிட்டு வாங்க."

துறைமுகத்தில் விஞ்ச் என்ற கயிறு சுற்றிச் சுமை தூக்கும் எந்திரத்தில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல சாக்கு உண்டா? பொய்யும் இல்லை. விஞ்ச் உண்டு, டூட்டி உண்டு, ஹார்பர்தான் இல்லை. மனைவியை விஞ்ச ஒரு விஞ்ச் போதும் என்று பூரித்துப்போனேன்.

போட்டி உப்பளத்தை ஒட்டிய பொட்டலில். எங்கள் விஞ்ச் என்பது கார் ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி, ஒரு மிதி. மிதித்தால் மோட்டார் நைலான் கயிற்றைச் சுற்றும். கிளைடர் பட்டம் மாதிரி ஏறி, உச்சியில் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பறக்கும். மிதிக்க வேண்டிய நண்பன் கிளாட்வினைக் காணோம். அவன் மனைவி ஏஞ்சலின் மீன் வாங்க அனுப்பிவிட்டாளாம்.

"நான் மிதிக்கட்டுமா?"

திரும்பினேன். ஜெயஷீலா!

"ஏளா! நீ எப்பிடி இங்கன?"

"ஏஞ்சலின் சொன்னா. விஞ்ச் டூட்டிக்கு ஆள் கொறையுதாம்லா."

பிரதிஷ்டையை விட்டுவிட்டு என்னைப் பிடிக்க வந்திருக்கிறாள்! பயந்துகொண்டிருக்க நேரமில்லை. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிதியைக் காட்டினேன்.

கிளாட்வின் மிதித்தால் கரப்பான்பூச்சியை மிதிப்பது போலிருக்கும். இவள் இருபது வருடமாகத் தையல் மெஷின் மிதிப்பவள். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கும் பக்குவத்தில் விட்டு விட்டு அழுத்தினாள். என் கிளைடர் அன்று போன உயரத்துக்கு யாருடையதும் போகவில்லை.

பத்து நிமிடம் பறந்தாக வேண்டும். கண் வானத்தில், இரண்டு கையும் ரிமோட்டில். காதருகே குரல்.

"பிரதிஷ்டைக்கு வாரியளா?"

"பேசாதளா, பருந்து வருது!"

"வாரியளா, இல்ல கண்ணப் பொத்தட்டா?"

"வாரேன்!"

"பந்தி முடியுற வரைக்கும் நிப்பியளா?"

"நிப்பேன்!"

"சாம்பார் வாளி?"

"தூக்குதேன்!"

தாராளமாகவே சொன்னேன். மணி பன்னிரண்டு. அங்கே பிரதிஷ்டை முடிந்து பாதிப் பேர் கை கழுவியிருப்பார்கள். முடிந்துபோன பந்திக்குச் சாம்பார் ஊற்ற எனக்கென்ன கஷ்டம்?

கிளைடர் குறியின் நடுவிலேயே இறங்கியது. முதலிடம்! அடுத்த ஞாயிறு மதுரையில் இறுதிச்சுற்று என்று மைக் முழங்கியது. ஜெயஷீலாவை அப்படியே தூக்கிச் சுற்ற ஆசை வந்தது. இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

அவள் போனைத் தட்டினாள். உள்ளேயிருந்து என் குரல். "வாரேன்! நிப்பேன்! தூக்குதேன்!"

"இத வச்சு என்னளா செய்யப்போற? அதான் பிரதிஷ்டை முடிஞ்சுபோச்சே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அவளும் சிரித்தாள்.

"பிரதிஷ்டை அடுத்த ஞாயிறுல்லா. இன்னைக்குன்னு உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."