பட்டன் இல்லாத பியானோ

"மொத்தத்துக்கும் ஒரே ஒரு பட்டன்தானுங்க மாஸ்டர்! ஆன் பண்ண, ஆஃப் பண்ண. அவ்வளவுதான்!"

பிரான்சிஸ் அதைப் பெருமையாகச் சொன்னார். லாசர் குனிந்து, இன்னொரு பட்டன் எங்காவது இருக்கிறதா என்று தேடினார்.

சேலத்துக் கடையில், எண்பத்தெட்டுக் கட்டைகளோடு பளபளவென்று நின்றது அந்த டிஜிட்டல் பியானோ. கொண்டப்பநாயக்கன்பட்டி மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பிரான்சிஸின் நன்கொடை. அவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டி நான்கு வைத்திருப்பவர். அவருடைய அக்கா அன்னாள்தான் குழுவில் முதல் குரல். "விலை கையைக் கடிக்கக் கூடாது, ஆனா பாக்கறவன் வாயைப் பொளக்கோணும்" என்பது பிரான்சிஸின் கொள்கை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் லாசர் மாஸ்டருடையது.

லாசர் வார நாட்களில் ஜவ்வரிசி ஆலையில் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருபத்திரண்டு வருடமாகக் கீபோர்டு. அவர் வாசிக்க ஆரம்பித்தால் கோயிலே எழுந்து நிற்கும். பூசையில் எப்படியும் எழுந்துதான் நிற்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

அந்த மாஸ்டருக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் தெரியும் என்பது ஆண்டவருக்கும் அவருக்கும் இடையிலான ரகசியம்.

பாடுகிறவர் தொண்டைக்கு ஏற்றபடி சுருதியை ஏற்றி இறக்க வேண்டுமானால் கறுப்புக் கட்டைகளிலும் விரல் போக வேண்டும். லாசருக்குப் போகாது. பழைய கீபோர்டில் இடது ஓரமாக ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் கருவியே சுருதியை மாற்றிக்கொள்ளும். வாசிக்கிறவர் அதே வெள்ளைக் கட்டைகளில் வண்டியை ஓட்டலாம். பட்டனைத் தட்டுவார், சின்னத் திரையில் எண் மாறும், நிம்மதியாவார். ஆலை இயந்திரத்தின் சத்தத்தில் மங்கிப்போன தன் காதைவிட அந்த எண்ணைத்தான் அவர் நம்பினார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கீபோர்டு மழையில் நனைந்தபோதுகூட அன்னாள்தான் சர்வீசுக்குக் கொடுத்து வாங்கி வந்தார். அதன் பிறகு அவர் கழுத்து நரம்பு புடைக்கத்தான் பாடுகிறார். கையில் சுக்குத்தண்ணி பிளாஸ்க் இல்லாமல் வருவதில்லை. பாவம், வயசு என்று இரக்கப்பட்டு, லாசர் அவருக்கு மட்டும் இரண்டு எண் குறைத்தே வைத்தார்.

இப்போது பட்டனே இல்லாத பியானோ!

"கனமா இருக்குமே பிரான்சிஸ்? மாசம் ஒருக்கா பனமரத்துப்பட்டிப் பூசைக்கும் தூக்கிட்டுப் போகோணும்."

பிரான்சிஸ் குனிந்தார். ஒரே மூச்சில் பியானோவைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "போர் பைப்பு தூக்கின ஒடம்புங்க இது. நானே கொண்டாந்து வெக்கறேன்."

"பதினொரு கிலோதாங்க சார்" என்றாள் கடைப் பெண் கோகிலவாணி.

லாசரின் கண், மூலையில் கிடந்த சின்னக் கீபோர்டில் விழுந்தது. அடேயப்பா, எத்தனை பட்டன்கள்! "அது தேவலையே. விலையும் பாதிதான்."

"ஐயோ சார், அது சின்னக் கொழந்தைங்களுக்குங்க. உங்க மாதிரிப் பெரிய ஆளு அதைத் தொட்டா எங்களுக்குத்தான் அசிங்கம்."

பெரிய ஆள் அடுத்த சாக்கைத் தேடினார்.

"கட்டை கொஞ்சம் அழுத்தமா இருக்குது பிரான்சிஸ். பழகிப் பாக்காம எப்படி வாங்கறது? ஒரு மாசம் போகட்டும்."

"எதுக்குங்க ஒரு மாசம்? கடைக்காரரு நமக்கு வேண்டியவரு. இன்னைக்கே எடுத்துட்டுப் போறோம். நாளைக்கிப் பூசையில வாசிக்கறீங்க. புடிச்சாத்தான் காசு!"

ஒரு மாதம் கேட்டவருக்கு ஒரு நாள்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம்.

பிரான்சிஸ் வண்டி எடுக்கப் போன இடைவெளியில் லாசர் கோகிலவாணியிடம் ஓடினார்.

"ஏம்மா, இதுல சுருதியை மாத்தற... அந்த ட்ரான்ஸ்போஸ் இருக்குதா? எனக்கில்லை. ஒரு சினேகிதர் கேட்டாரு."

"இருக்குதுங்க சார். அந்த ஒத்தைப் பட்டனையே அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு கட்டையை அமுக்கோணும். எந்தக் கட்டைன்னு பாத்து வாட்ஸ்அப்புல அனுப்பறேங்க."

லாசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் நம்பரைக் கொடுக்கவேயில்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. கடை நோட்டில் இருந்தது பிரான்சிஸின் நம்பர்.

சாயங்காலம் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் பிரான்சிஸ் ஒரு மங்கலான படத்தைப் போட்டார். கீழே ஒரு வரி: "மாஸ்டர் கேட்ட ட்ரான்ஸ்போஸ் விவரமாம். கடையில இருந்து வந்துச்சு. அதென்னன்னு யாருக்காச்சும் தெரியுமாங்க?"

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று லாசர் எண்ணினார். இருபத்தோரு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கடைசியில் அன்னாள் மட்டும் ஒரு கும்பிடு போட்டார். அது என்ன கும்பிடு? போய் வாருங்கள் என்கிற கும்பிடா?

லாசர் பயந்தார். சோறு இறங்காத அளவுக்குப் பயந்தார். ஆலையில் அவரை முதலாளி "ஏப்பா" என்பார், லோடு ஏற்றுகிறவர்கள் "யோவ்" என்பார்கள். மாஸ்டர் என்று கூப்பிட உலகத்தில் ஓர் இடம்தான் இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு, முதல் பாட்டிலேயே, அதுவும் போய்விடும்.

ஞாயிறு காலை ஆறரைக்கே கோயிலுக்குப் போய்விட்டார். பீடத்துக்குப் பக்கத்தில் பியானோ தயாராக இருந்தது. ஆள் யாரும் இல்லை. மங்கலான படத்தில் எந்தக் கட்டை என்று தெரியவில்லை; சிலுவை போட்டுக்கொண்டு, பட்டனை அமுக்கிப் பிடித்து ஏதோ ஒரு கட்டையைத் தட்டினார்.

டொக், டொக், டொக் என்று தாளம் போட ஆரம்பித்தது. பதறிப்போய் அடுத்த கட்டையைத் தட்டினார். தாளம் நின்றது, பியானோ வயலின் மாதிரி இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றைத் தட்டினார்.

அவ்வளவுதான். கடையில் ஆட்களை மயக்குவதற்காக உள்ளே பதிந்து வைத்திருந்த வெள்ளைக்காரன் வாசிப்பு கோயில் முழுக்கக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பாடகர் குழு உள்ளே நுழைந்தது. முன்னால் பிரான்சிஸ். லாசர் சட்டென்று இரண்டு கைகளையும் கட்டைகளுக்கு மேலே பறக்கவிட்டார்.

பிரான்சிஸின் கண்களில் தண்ணீர். "ஏனுங்க மாஸ்டர், இருவது வெரலு இருக்கறவன்கூட இப்படி வாசிக்க முடியாதுங்க! இத்தனை வருசமா இதையெல்லாம் எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அந்தப் புகழ்ச்சிதான் லாசரைக் கொன்றது. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடியது. பிரான்சிஸ் அவர் கையைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், திரும்பக் கையைப் பார்த்தார்.

லாசர் பிளக்கைப் பிடுங்கினார். கோயில் அமைதியானது.

"நான் வாசிக்கலைங்க" என்றார். குரல் உடைந்தது. "எனக்கு வெள்ளைக் கட்டை மட்டுந்தானுங்க தெரியும். இத்தனை வருசமா பழைய கீபோர்டுல இருக்கற ஒரு பட்டன்தான் உங்க தொண்டைக்கு ஏத்தாப்பல சுருதியை ஏத்தி எறக்கிக் குடுத்துச்சு. அந்தப் பட்டன் இல்லீன்னா நான் ஒண்ணுமே இல்லீங்க. உங்க எல்லாத்தையும் ஏமாத்திப்போட்டேன். அன்னாளக்கா, மன்னிச்சுக்கோங்க."

குழுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னாள் ஒரு வாய் சுக்குத்தண்ணி குடித்துவிட்டு, பிளாஸ்க்கை மூடி, கரகரத்த தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அழுவாதீங்க சாமி. அந்தப் பட்டன் மழையில நனைஞ்சு செத்து ஆறு வருசம் ஆச்சு. நெம்பரு மட்டுந்தான் மாறும். உங்க மனசு நோகுமேன்னு நாங்கதான் தொண்டையை ஏத்தி எறக்கிப் பாடிக்கிட்டு வாரோம், இனி முடியாதுன்னுதான் தம்பியைப் புதுசு வாங்கித் தரச் சொன்னேன்."